இஸ்ரேல்–பாலஸ்தீனப் பேச்சுவார்த்தைகள் ஏன் முறிந்தன: வாசிப்பு வட்டத்தில் பாடமாக நடத்துவதற்கு ஒரு வழிகாட்டி

தருமபுரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் பாடத்தை இதுவரை மூன்று முறை நடத்தியிருக்கிறேன். முதல் முறை, "இதில் தவறு யாருடையது?" என்ற கேள்வியோடு தொடங்கினேன். அரை மணி நேரத்துக்குள் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொருவரும் தம் கைபேசிக்கு வந்திருந்த காணொளியைச் சான்றாக நீட்டினார்கள். அன்று யாரும் எதையும் கற்றுக்கொண்டு வீடு திரும்பவில்லை. இரண்டாம் முறையிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். "கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஏன் நிலத்துக்கு வந்து சேரவில்லை?" என்பதுதான் இப்போது கரும்பலகையில் நான் முதலில் எழுதும் வரி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆசிரியர்களும் நூலகர்களும் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு வழிகாட்டுவோரும் இதே பாடத்தை எடுக்க முனைந்தால் அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், செய்து பார்த்துச் சரியாக அமைந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

நான்கு ஞாயிறுகள் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்ட வரைபடம் ஒன்று, மேற்குக் கரை வரைபடம் ஒன்று, மூன்று நிற வண்ணப் பென்சில்கள், ஆளுக்கொரு நீள நோட்டு ஆகியவை போதும். கைபேசிகளை ஒரு கூடையில் வைத்துவிடச் சொல்லுங்கள். காணொளிகள் அனைத்தும் பொய் என்பதால் அன்று. ஒரு நாளின் துயரத்தைக் காட்டும் படம், முப்பது ஆண்டுகளில் ஒரு ஒப்பந்தம் எப்படிக் கரைந்தது என்பதைக் காட்ட இயலாது என்பதால்.

முதல் ஞாயிறு: அளவும் பெயர்களும்

தொலைவில் நடப்பதாகத் தோன்றும் ஒரு சிக்கல் கைக்கு அடக்கமாக வர வேண்டுமானால் அதன் அளவு தெரிய வேண்டும். பாலஸ்தீனர்கள் வாழும் நிலப்பகுதிகள் இரண்டு. ஜோர்டான் ஆற்றின் மேற்கே உள்ள மேற்குக் கரையின் பரப்பு ஏறக்குறைய 5,650 சதுர கிலோமீட்டர்; அது கிருஷ்ணகிரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. கடலோரத் துண்டான காசா 365 சதுர கிலோமீட்டர். தருமபுரி மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. காசாவின் வட முனையிலிருந்து தென் முனைவரை ஏறக்குறைய 41 கிலோமீட்டர்தான். தருமபுரியில் பேருந்து ஏறிக் கிருஷ்ணகிரியில் இறங்கும் தூரத்தைவிடக் குறைவு. அந்தச் சிறு துண்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். இதைச் சொன்னதும் வகுப்பில் ஓர் அமைதி வரும். அந்த அமைதியைக் கெடுக்காமல் சிறிது நேரம் விட்டுவிடுங்கள்.

அடுத்து, வரலாற்றின் அடித்தளத்தைச் சுருக்கமாகக் கொடுங்கள். 1947 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவை பாலஸ்தீனத்தை யூத அரசு, அரபு அரசு என இரண்டாகப் பிரிக்கும் 181-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. யூதத் தலைமை அதை ஏற்றது, அரபுத் தலைமை மறுத்தது. 1948 மே 14 அன்று இஸ்ரேல் உருவானதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் போரில் ஏறக்குறைய ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் தம் ஊர்களை இழந்தார்கள். 1967 ஜூனில் நடந்த ஆறு நாள் போரில் மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் காசாவும் சினாய் தீபகற்பமும் கோலான் குன்றுகளும் இஸ்ரேலின் கைக்குப் போயின. ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகு 'இனி நமக்கென்று ஒரு பாதுகாப்பான இடம் வேண்டும்' என்று எழுந்த அச்சத்தையும், பூட்டிய வீட்டின் சாவியோடு அகதி முகாமில் மூன்று தலைமுறைகளாகக் காத்திருக்கும் துயரத்தையும் ஒரே அமர்வில் சொல்லுங்கள். ஒன்றைத் தராசின் ஒரு தட்டிலும் மற்றொன்றை எதிர்த் தட்டிலும் வைத்து எடை போடாதீர்கள்.

பெயர்களை இரட்டையாக எழுதுவது நல்ல பழக்கம். ஜெருசலேமின் பழைய நகரத்தில் உள்ள அந்த மேட்டை முஸ்லிம்கள் ஹராம் அல் ஷரீஃப் என்கிறார்கள். யூதர்கள் கோயில் மலை என்கிறார்கள். கரும்பலகையில் இரண்டையும் அருகருகே எழுதுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என வெவ்வேறு மொழி பேசும் வீடுகளிலிருந்து வரும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு, ஓர் இடத்துக்கு இரு பெயர்கள் இருப்பது வியப்பாகத் தோன்றுவதில்லை. இது நமக்கு வாய்த்த நல்ல தொடக்கம்.

அன்றைய கடைசி அரை மணி நேரத்தை ஒரே ஒரு சொல்லுக்கு ஒதுக்குங்கள். 1967 நவம்பர் 22 அன்று பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானம், போரில் கைப்பற்றிய நிலங்களிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கில வாசகத்தில் 'நிலங்கள்' என்ற சொல்லுக்கு முன் 'இன்னவை' என்று சுட்டும் சுட்டுச்சொல் இல்லை. பிரெஞ்சு வாசகத்தில் அது இருக்கிறது. 'எல்லா நிலங்களிலிருந்தும் விலக வேண்டியதில்லை' என்று இஸ்ரேலும், 'எல்லாவற்றிலிருந்தும் விலகத்தான் வேண்டும்' என்று அரபு நாடுகளும் அன்று முதல் வாதிட்டு வருகின்றன. தமிழில் அப்படியொரு சுட்டு இலக்கணக் கட்டாயமாக இல்லாததால் மாணவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. "'நிலங்களிலிருந்து' என்பதற்கும் 'அந்நிலங்களிலிருந்து' என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு மாவட்டம் அடங்கிவிடும்" என்று விளக்கினால் பிடிபட்டுவிடும். ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த முதல் பயிற்சியை நான் கண்டதில்லை.

நோட்டில் நான்கு கட்டங்கள்

ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கும் நோட்டில் ஒரு வரிசை. வரிசைக்கு நான்கு கட்டங்கள். எது பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்டது? பேச்சு மேசையில் யார் இல்லை? பேசிக்கொண்டிருந்த காலத்தில் நிலத்தில் என்ன மாறியது? ஒப்பந்தம் நடைமுறையாகிறதா என்று அளந்து சொல்லும் பொறுப்பு யாரிடம் இருந்தது?

நான்காம் கட்டத்தை விளக்க நமக்குப் பிலிகுண்டுலு இருக்கிறது. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் அந்த இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் உள்ளது. கர்நாடகம் எவ்வளவு விட்டது என்பதைக் கர்நாடகமோ தமிழகமோ சொன்னால் போதாது. பிலிகுண்டுலுவின் கணக்குத்தான் கணக்கு. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்து, 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்து, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழகத்துக்கு விட வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என்று வகுத்தபோதும், அந்த நீர் அளந்து தரப்பட வேண்டிய இடம் அதுவே. பூசல் தீர்ந்துவிட்டது என்று நம்மில் யாரும் சொல்லமாட்டோம். ஆனால் பூசலுக்கு ஓர் அளவுகோலும், மேலே ஒரு நீதிமன்றமும் இருக்கின்றன.

இந்த ஒப்புமையின் எல்லையையும் உடனே சொல்லிவிட வேண்டும். காவிரியில் இரு தரப்பும் ஒரே அரசமைப்புக்குள் இருக்கும் மாநிலங்கள். அங்கேயோ ஒரு தரப்பு படைபலம் மிக்க அரசு. மறு தரப்பு அந்தப் படையின் ஆளுகைக்குள் வாழும், தமக்கென அரசு இல்லாத மக்கள். இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிட்டுப் பேச்சுவார்த்தைகளைப் படித்தால் எதுவும் விளங்காது.

இரண்டாம் ஞாயிறு: ஒஸ்லோ

நேரத்தில் பெரும் பகுதியை, நார்வே தலைநகர் ஒஸ்லோவில் பேசி உருவான இந்த உடன்பாட்டுக்குக் கொடுங்கள், ஏனெனில் பின்னால் வந்த முறிவுகளின் விதை இதற்குள்தான் இருக்கிறது. 1993 செப்டம்பர் 9 தேதியிட்ட இரண்டு கடிதங்களிலிருந்து தொடங்குங்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர் யாசர் அரஃபாத் எழுதிய கடிதம், அமைதியோடும் பாதுகாப்போடும் வாழ இஸ்ரேலுக்கு உள்ள உரிமையை ஏற்றது. இஸ்ரேல் பிரதமர் யிட்சாக் ரபின் எழுதிய கடிதம், அந்த இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக ஏற்றது. ஒருவர் ஓர் அரசை ஏற்றார். மற்றவர் ஓர் அமைப்பை ஏற்றார். இதை நீங்களே சொல்லிவிடாதீர்கள். இரு கடிதங்களின் சாரத்தையும் எழுதிப் போட்டு, வேறுபாட்டை மாணவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

செப்டம்பர் 13 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான கொள்கை அறிவிப்பு, ஐந்தாண்டு இடைக்காலத்தை வகுத்தது. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள் (1967-இல் கைப்பற்றிய நிலத்தில் இஸ்ரேலியர் கட்டிய ஊர்கள்), பாதுகாப்பு ஏற்பாடுகள், எல்லைகள் ஆகிய ஐந்தும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டன. நம் பகுதியில் பாகப்பிரிவினை நடந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் ஆபத்து எளிதில் விளங்கும். மேட்டுக்காட்டையும் புஞ்சையையும் ஒரே நாளில் பிரித்துவிட்டு, பொதுக் கிணற்றையும் அதற்குப் போகும் தடத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட குடும்பங்கள்தான் பிற்பாடு நீதிமன்றப் படி ஏறுகின்றன. எளியவற்றை முதலில் முடித்தால் நம்பிக்கை வளரும், வளர்ந்த நம்பிக்கை கடினமானவற்றைத் தீர்க்கும் என்பதே ஒஸ்லோவின் எண்ணம். அந்த எண்ணத்தை நான் இகழமாட்டேன். அதை வகுத்தவர்கள் உயிரைப் பணயம் வைத்தவர்கள். ஆனால் கடினமானவை காத்திருந்த காலம் முழுவதும், உடன்பாட்டைக் கொல்ல நினைத்தவர்களுக்கும் அதே காலம் கிடைத்தது.

1994 பிப்ரவரி 25 அன்று பரூக் கோல்ட்ஸ்டீன் என்ற குடியேறி, ஹெப்ரானில் இப்ராஹிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களில் 29 பேரைச் சுட்டுக் கொன்றார். அந்த ஏப்ரலில் அஃபுலாவிலும் ஹதேராவிலும், ஒஸ்லோவை எதிர்த்த பாலஸ்தீன இஸ்லாமிய இயக்கமான ஹமாஸ் தற்கொலைக் குண்டுகளை வெடித்தது. 1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவில், அமைதிப் பேரணி முடிந்து காருக்குத் திரும்பிய ரபினை, யிகால் அமிர் என்ற யூதத் தீவிரவாதி கொன்றார். 1996 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மீண்டும் குண்டுகள் வெடித்தன. மே மாதத் தேர்தலில், ரபினுக்குப் பின் பொறுப்பேற்றிருந்த ஷிமோன் பெரஸ் ஏறக்குறைய ஒரு விழுக்காட்டு வேறுபாட்டில் பெஞ்சமின் நெதன்யாகுவிடம் தோற்றார். இரண்டாம் கட்டத்தை நிரப்பும்போது மாணவர்கள் ஹமாஸையும் குடியேறிகளின் இயக்கத்தையும் அடுத்தடுத்து எழுதுவார்கள். மேசையில் இல்லாதவர்களுக்கு மேசையைக் கவிழ்க்கும் ஆற்றல் இருந்தது என்பதை அந்த வரிசையே காட்டிவிடும்.

பிறகு வண்ணப் பென்சில்களை எடுக்கச் சொல்லுங்கள். 1995 செப்டம்பரில் கையெழுத்தான இரண்டாம் ஒஸ்லோ ஒப்பந்தம் மேற்குக் கரையை மூன்று பகுதிகளாக்கியது. 'அ' பகுதியில் ஆட்சியும் காவலும் ஒஸ்லோவின்படி அமைந்த தன்னாட்சி அமைப்பான பாலஸ்தீன அதிகாரசபையிடம். 'ஆ' பகுதியில் ஆட்சி அதனிடம், பாதுகாப்பு பெரும்பாலும் இஸ்ரேலிடம். 'இ' பகுதி முழுவதும் இஸ்ரேலிடம். இவை முறையே ஏறக்குறைய 18, 22, 60 விழுக்காடாக நிலைத்தன. முதல் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாத நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாக இருக்க, மூன்றாவது அவற்றைச் சூழ்ந்து தொடர்ச்சியாகக் கிடக்கிறது. இதே விகிதத்தில் கிருஷ்ணகிரி மாவட்ட வரைபடத்துக்கு வண்ணம் தீட்டச் செய்து, பர்கூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குப் போக எத்தனை முறை நிறம் மாறுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு மாணவி எண்ணி முடித்துவிட்டு, "இந்த நிலத்தில் யார் வீட்டு வரைபடத்துக்கு யார் ஒப்புதல் தருவது, ஐயா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அன்றைய பாடம்.

மூன்றாம் கட்டத்துக்கு வருவோம். இறுதிப் பேச்சு முடியும்வரை மேற்குக் கரையின், காசாவின் நிலையை மாற்றும் எந்த நடவடிக்கையையும் எத்தரப்பும் எடுக்கக் கூடாது என்று இரண்டாம் ஒஸ்லோ ஒப்பந்தமே சொல்கிறது. நம் ஊர் உரிமையியல் நீதிமன்றத்தில் நிலத் தகராறு நிலுவையில் இருக்கும்போது தடை உத்தரவு வாங்குவதைப் போன்றது இது. ஆனால் 1993-இல் கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் ஏறக்குறைய 1,10,000 ஆக இருந்த குடியேறிகள், 2000-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 1,90,000 ஆனார்கள். இன்று ஏறக்குறைய ஐந்து லட்சம். வீடு கட்டுவது நிலத்தின் சட்டநிலையை மாற்றாது என்பது இஸ்ரேலின் விளக்கம். கட்டிய வீட்டை விட்டு எவரும் எழுந்து போவதில்லை என்பது பாலஸ்தீனர்களின் பதில். எந்த விளக்கம் செல்லும் என்று கட்டாயமாகச் சொல்லும் நடுவர் யாரும் இல்லை. தகராறுகளை நடுவர் முன் கொண்டுபோக இரு தரப்பும் சேர்ந்து ஒப்பினால்தான் உண்டு என்பதே ஒஸ்லோவின் ஏற்பாடு. என் மதிப்பீட்டில், முறிவின் காரணங்களில் இதுவே முதன்மையானது. தள்ளிவைத்தது தவறு, தள்ளிவைத்த காலத்தில் நிலத்தைக் காக்க ஒரு பிலிகுண்டுலுவை வைக்காதது அதைவிடப் பெரிய தவறு.

தண்ணீரைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னால் போதும். மேற்குக் கரையின் மலைகளுக்கு அடியில் உள்ள நிலத்தடி நீரின் பங்கீடும் ஐந்தாண்டுகளுக்கு என்றுதான் எழுதப்பட்டது. அதுவே இன்றும் நீடிக்கிறது. ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்து, ஒகேனக்கல் குடிநீர் வந்த பிறகு வேறுபாட்டைக் கண்ட பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

மூன்றாம் ஞாயிறு: கேம்ப் டேவிட் முதல் ஓல்மர்ட் வரை

2000 ஜூலை 11 முதல் 25 வரை அமெரிக்காவில் நடந்த கேம்ப் டேவிட் மாநாட்டைப் பற்றி இரு கதைகள் உண்டு. எஹுத் பராக் இதற்கு முன் எந்த இஸ்ரேல் பிரதமரும் தராததைத் தர முன்வந்தார், அரஃபாத் மாற்று யோசனைகூடச் சொல்லாமல் மறுத்துவிட்டார் என்பது ஒன்று. எழுத்தில் எதுவும் தரப்படவில்லை, சொல்லப்பட்டதும் துண்டு நிலமாகவே இருந்தது, ஜெருசலேமின் புனித மேட்டில் இறைமை இல்லை என்பது மற்றொன்று. வட்டத்தை இரண்டாகப் பிரித்து, தமக்குப் பிடிக்காத கதையை ஒவ்வொரு குழுவும் வலுவாக எடுத்துரைக்கும்படி செய்யுங்கள். பிறகு, தம் பக்கத்துப் பொதுக் கருத்துக்கு எதிராகப் பேசிய இரு குரல்களை வாசித்துக் காட்டுங்கள். இஸ்ரேல் குழுவில் இருந்த ஷ்லோமோ பென் அமி, தாம் பாலஸ்தீனராக இருந்திருந்தால் கேம்ப் டேவிட் யோசனையைத் தாமும் மறுத்திருப்பேன் என்று பிற்காலத்தில் சொன்னார். 2000 டிசம்பர் 23 அன்று அமெரிக்க அதிபர் கிளின்டன் முன்வைத்த வரையறைகள், மேற்குக் கரையில் 94 முதல் 96 விழுக்காடுவரை பாலஸ்தீன அரசுக்கு ஒதுக்கி, ஈடாக ஓரளவு நிலமும் தந்தன; அவற்றை ஏற்காமல் விடுவது குற்றமாகும் என்று சவுதித் தூதர் பந்தர் பின் சுல்தான் அரஃபாத்திடம் கூறியதாகத் தாமே பின்னர் தெரிவித்தார். இரண்டையும் கேட்டபின் மாணவர்களின் குரல் தாழ்ந்துவிடும்.

கடிகாரத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். கிளின்டன் வரையறைகள் வந்தபோது அவருடைய பதவிக்காலம் முடிய ஒரு மாதம்கூட இல்லை. அதற்கு முன் செப்டம்பர் 28 அன்று இஸ்ரேல் எதிர்க்கட்சித் தலைவர் ஏரியல் ஷரோன் புனித மேட்டுக்குச் சென்றதைத் தொடர்ந்து மூண்ட பாலஸ்தீனர்களின் கிளர்ச்சி இரு பக்கமும் உயிர்களைத் தின்றுகொண்டிருந்தது. 2001 ஜனவரியில் எகிப்தின் தாபாவில் கூடிய இரு தரப்பினரும், உடன்பாட்டுக்கு இவ்வளவு நெருக்கமாக என்றுமே வந்ததில்லை என்று கூட்டறிக்கை விட்டார்கள். பிப்ரவரி 6 தேர்தலில் ஷரோன் வென்றார். 2008 செப்டம்பர் 16 அன்று இஸ்ரேல் பிரதமர் எஹுத் ஓல்மர்ட், அரஃபாத்துக்குப் பின் பாலஸ்தீனத் தலைவரான மஹ்மூத் அப்பாஸிடம் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதன் நகலைக் கையில் கொடுக்காததால் அப்பாஸ் அதை நினைவிலிருந்து கையால் வரைந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊழல் விசாரணைகளின் காரணமாகப் பதவி விலகப்போவதாக ஓல்மர்ட் அதற்கு முன்பே அறிவித்திருந்தார். அப்பாஸின் பக்கமோ, 2006 தேர்தலில் 132 இடங்களில் 74-ஐ வென்ற ஹமாஸ் 2007-இல் காசாவைக் கைப்பற்றிவிட்டிருந்தது. விலகப்போகிறவர் தரும் வாக்கை, காசாவில் ஆட்சி இல்லாதவர் எப்படி ஏற்பார்?

2002-இல் 22 அரபு நாடுகளின் கூட்டமைப்பு பெய்ரூத்தில் முன்வைத்த அமைதி யோசனை, 2003-இன் 'பாதை வரைபடம்', 2013–14-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி நடத்திய பேச்சுகள் ஆகியவற்றை மாணவர்களே வீட்டில் நிரப்பி வரட்டும். பெய்ரூத் யோசனை ஏற்கப்பட்டதற்கு முதல் நாள்தான் இஸ்ரேலின் நெதன்யாவில் விடுதியொன்றில் பஸ்கா விருந்துக்கு அமர்ந்திருந்த 30 பேர் குண்டுக்குப் பலியானார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள்.

நான்காம் ஞாயிறு: நிலைத்து நின்ற ஓர் ஒப்பந்தம்

முறிந்தவற்றை மட்டுமே படித்தால், இது என்றைக்கும் தீராத மதப் பகை என்ற எண்ணம் குடிபுகும். ஆகவே எகிப்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு போர்களில் மோதிய இரு நாடுகள் 1979-இல் அமைதி ஒப்பந்தம் செய்தன. 1982 ஏப்ரலில் சினாய் திரும்பியது. அங்கிருந்த குடியேற்றங்கள் அகற்றப்பட்டன. கண்காணிக்கப் பன்னாட்டுப் படை வந்தது. செங்கடலோரத்தில் தாபா என்ற சிறு துண்டு மட்டும் தகராறில் நின்றது. எல்லைக்கல் எங்கே இருந்தது என்பதுதான் வழக்கு. தகராறு பேசித் தீராவிட்டால் சமரசத்துக்கோ நடுவர் முன்போ செல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால், நடுவர் மன்றம் 1988-இல் எகிப்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 1989-இல் இஸ்ரேல் விலகியது. அதே தாபாவில்தான் 2001-இல் பாலஸ்தீனர்களோடு பேச்சு நின்றுபோனது என்று சொல்லி, இரு வரிசைகளின் நான்காம் கட்டத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். எகிப்து ஓர் அரசு, அதற்குப் படை இருந்தது, சினாயில் ஜெருசலேம் இல்லை என்று மாணவர்கள் மறுத்தால் மகிழுங்கள். அந்த மறுப்பும் சரியானதே.

அகதிகளைப் பற்றிய உரையாடலையும் இந்த அமர்வில்தான் வைக்கிறேன். பதிவு பெற்ற பாலஸ்தீன அகதிகள் இன்று ஏறக்குறைய 59 லட்சம். அனைவரும் இஸ்ரேலுக்குள் திரும்பினால் யூதப் பெரும்பான்மை போய்விடும் என்று இஸ்ரேல் அஞ்சுகிறது. திரும்பும் உரிமையை விட்டுக்கொடுக்கத் தமக்கு யார் அதிகாரம் தந்தார்கள் என்று பாலஸ்தீனத் தலைவர்கள் தயங்குகிறார்கள். ஒரு தொழில் திட்டத்துக்காக நிலம் இழந்த குடும்பத்திலிருந்து வரும் ஒரு பெண், இழப்பீடு வந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்தக் காட்டின் பெயரைச் சொல்லித்தான் தம் பாட்டி இன்றும் நாள் கணக்கிடுகிறார் என்றார். பணத்தால் மட்டும் ஏன் இது முடியவில்லை என்று அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டு, ஏறக்குறைய 250 பேர் பணயக் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டதையும், அதன்பின் நடந்த போரில் காசாவில் இறந்தவர்களின் எண்ணிக்கை அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 2025 அக்டோபருக்குள் 65,000-ஐக் கடந்ததையும் எண்களை விழுங்காமல் சொல்லுங்கள். யாராவது அழுதால் அமர்வை நிறுத்தித் தேநீர் கொடுங்கள். ஒரு மதத்தையோ இனத்தையோ பழித்து ஒரு சொல் வந்தால், சொன்னவரை அவமதிக்காமல், அந்தச் சொல்லுக்குப் பதிலாக ஓர் ஆளின் பெயரையும் ஒரு தேதியையும் வைத்து வாக்கியத்தை மீண்டும் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் அப்படி வைக்க முடியாது. அதை அவர்களே உணர்ந்துகொள்வார்கள்.

கடைசி அரை மணி நேரத்தில், 2025 அக்டோபர் போர் நிறுத்தத்துக்கு ஒரு புதிய வரிசை போட்டு நான்கு கட்டங்களையும் நிரப்பச் சொல்லுங்கள். 2024 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் பாலஸ்தீன அரசு அமைவதை எதிர்த்து 68-க்கு 9 என்று தீர்மானம் போட்டதையும், ஹமாஸின் ஆயுதங்களைப் பற்றிய கேள்வியையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர்களே விவாதித்து முடிவு செய்யட்டும். இந்த வரிசையை மட்டும் பென்சிலால் எழுத வேண்டும். நோட்டுகளை வாங்கி நூலக அலமாரியில் வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வட்டத்தைக் கூட்டி, ஒருவருடைய நோட்டை மற்றவரிடம் கொடுத்து, அந்த வரிசையைத் திருத்தச் செய்யுங்கள்.